ஜெராக்ஸுக்கு யாருப்பா காசு குடுப்பாங்க?

தம்பி, உன் கேள்விய ரெண்டு மூணு வாட்டி படிச்சேன். காசிமேட்டுல விடியக்காலம் ஏலம் நடக்குற நேரத்துல ஐஸ் பெட்டி மேல உக்காந்துட்டு இருக்குற ஒரு அம்மாவ நீ எடுத்த படம், அத பாத்துட்டு ஒருத்தர் பிரிண்ட் கேட்டாரு, நீ 15,000 ரூபான்னு சொன்ன, அவரும் சரின்னுட்டாரு. வீட்டுக்கு வந்து சொன்னா உங்கப்பா "பைலு உன்கிட்டதானே இருக்கு, பட்டன தட்டினா ஆயிரம் வரும், ஜெராக்ஸுக்கு யாருப்பா இவ்ளோ காசு குடுப்பாங்க, அந்த மனுசன ஏமாத்துறியா"ன்னு கேட்டுட்டாரு. அன்னிலேந்து உனக்கு மனசே சரியில்ல. இது ஏமாத்து வேலையா, இல்லன்னா ஏன் இல்ல, எத்தன பிரிண்ட் போடலாம், என்ன விலை வெக்கலாம், இதான கேட்டிருக்க.

நான் 1989ல பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு ஸ்டூடியோவுல டார்க்ரூம் வேலைக்கு சேந்தவன், டிஜிட்டல் வந்து அந்த ரூம மூடுற வரைக்கும் அங்கதான் இருந்தேன், இப்போ வீட்டு மாடில ஒரு பிக்மென்ட் பிரிண்டர், அதாவது சாயத்துக்கு பதிலா நெறப்பொடி கலந்த மை போடுற பிரிண்டர் வெச்சுக்கிட்டு மத்தவங்க படத்துக்கு பிரிண்ட் போட்டு குடுக்குறேன். படம் எடுக்குறவன் இல்ல, வாழ்க்க பூரா பிரிண்ட் போடுறவன். அதனால இந்த கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், பொறுமையா படி.

மொதல்ல உங்கப்பா மேல கோவப்படாத. அவரு கேட்டது நியாயமான கேள்வி, போட்டோன்னு ஒண்ணு வந்த நாள்லேந்து கேட்டுட்டு இருக்குற கேள்வி. 1839ல பிரான்ஸ்ல டாகர் அவரு முறைய வெளிய சொன்னப்போ அது வெள்ளி பூசின செப்பு தகட்டுல வர்ற படம், ஒரு படத்துக்கு ஒரு தகடு, நகல் எடுக்க வழியே இல்ல. இங்கிலாந்துல டால்பாட் 1841ல பேடண்ட் வாங்கின முறைல மொதல்ல பேப்பர்ல நெகட்டிவ், அதுலேந்து எத்தன வேணாலும் பிரிண்ட். உலகம் போனது டால்பாட் வழியில. அப்படின்னா நகல் எடுக்க முடியுறதுங்கறது போட்டோவுக்கு நடுவுல வந்த குறை இல்ல, அதோட பொறப்பே அதுதான். அத மறைச்சு விலை வெச்சா ஏமாத்து. அத தெரிஞ்சே, சொல்லியே விலை வெச்சா வியாபாரம்.

இப்போ ஜெராக்ஸ்ங்கற அந்த வார்த்தைக்கு வரேன், எனக்கு நெஞ்சுல தைக்கிற வார்த்தை அது.

நாங்க டார்க்ரூம்ல என்ன பண்ணுவோம்னு சொல்றேன். செவப்பு லைட்டு, நெகட்டிவ பெருசாக்கி பேப்பர் மேல வெளிச்சமா விழ வெக்கிற என்லார்ஜர், ஊட்டில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்ல செஞ்ச 'இந்து' பேப்பரு, காசு உள்ள ஆர்டர்னா அக்ஃபா இல்ல இல்ஃபோர்டு. ஒரு துண்டு பேப்பர் கிழிச்சு அஞ்சு செகண்ட், பத்து செகண்ட், பதினஞ்சு செகண்ட்னு டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு பாக்கணும். அப்புறம் வெளிச்சம் பேப்பர் மேல விழும்போது முகத்துக்கு நடுவுல விரல காட்டி மறைச்சா அந்த எடம் வெளுப்பா வரும், ஓட்ட போட்ட அட்டைய புடிச்சு வானத்துக்கு மட்டும் இன்னும் எட்டு செகண்ட் குடுத்தா வானம் கருக்கும். கைய ஒரே எடத்துல வெச்சா கோடு விழுந்துரும், ஆட்டிக்கிட்டே இருக்கணும், எவ்ளோ ஆட்டணும்னு யாரும் எழுதி வெக்க முடியாது. படத்த பேப்பர்ல வெளிய கொண்டு வர்ற கெமிக்கல், டெவலப்பர், அது 20 டிகிரில இருக்கணும்னு டப்பால போட்டிருக்கும், நம்ம ஊரு மே மாசத்துல குழாய் தண்ணியே வெந்நீரு, அதனால காசிமேட்டுலேந்து ஐஸ் கட்டி வாங்கியாந்து ட்ரேக்கு அடியில வெப்போம். அப்படியும் காலைல போட்ட பிரிண்ட்டும் மத்தியானம் போட்ட பிரிண்ட்டும் ஒண்ணா இருக்காது. ஒரே நெகட்டிவ குடுத்து பத்து பேர பிரிண்ட் போட சொல்லு, பத்து படம் வரும்.

இத அழகா சொன்னவரு ஆன்சல் ஆடம்ஸ்னு ஒரு அமெரிக்கரு. போட்டோவுக்கு வர்றதுக்கு முன்னாடி பியானோ கத்துக்கிட்டவரு. நெகட்டிவ்ங்கறது எழுதி வெச்ச இசை மாதிரி, பிரிண்ட்ங்கறது அத மேடைல வாசிக்கிற மாதிரின்னு சொன்னாரு. நம்ம ஊர்ல இதுக்கு விளக்கமே வேணாம், ஒரே கானாவ ராயபுரத்துல ஒருத்தர் பாடி கேட்டிருப்ப, வியாசர்பாடில இன்னொருத்தர் பாடி கேட்டிருப்ப, வரி ஒண்ணுதான், அழுக வர்றது ஒருத்தர் பாடும்போதுதான்.

ஆடம்ஸோட ஒரு படம் இருக்கு, நியூ மெக்சிகோல ஹெர்னாண்டஸ்னு ஒரு சின்ன ஊரு, அதுக்கு மேல நெலா எழும்புது, கீழ கல்லறைல சிலுவைங்க மட்டும் வெயில்ல மின்னுது. 1941ல எடுத்தது. கார்ல போயிட்டு இருந்தவரு அத பாத்துட்டு வண்டிய நிறுத்திட்டு எறங்கி ஓடி கேமராவ நிறுத்துறாரு, லைட் மீட்டர் எங்கன்னு தெரியல, நெலாவோட வெளிச்சம் எவ்ளோன்னு மனசுல இருந்த கணக்க வெச்சே எக்ஸ்போஷர் குடுத்தாரு, ரெண்டாவது ஷாட் எடுக்குறதுக்குள்ள சிலுவைங்க மேல இருந்த வெளிச்சம் போயிருச்சு. மொத்தத்துல ஒரே நெகட்டிவ். அந்த ஒண்ணுலேந்து அவரு வாழ்நாள்ல 1,300க்கு மேல பிரிண்ட் போட்டிருக்காரு. ஆரம்பத்துல போட்டதுல வானம் சாம்பல் கலரா, மேகம் கொஞ்சம் தெரியுற மாதிரி இருக்கும். 1948ல நெகட்டிவோட கீழ் பகுதிய மட்டும் மறுபடி கெமிக்கல்ல போட்டு அடர்த்தியாக்கினாரு, அதுக்கு அப்புறம் வருசம் போகப்போக வானத்த கருப்பாக்கிட்டே போனாரு, கடைசி கால பிரிண்ட்ல வானம் கிட்டத்தட்ட மை கருப்பு. பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா ஒரே மனுசன் முப்பது வயசு வித்தியாசத்துல ஒரே விஷயத்த பேசுற மாதிரி இருக்கும். அந்த 1,300ல ஒண்ணு 2006ல சோதபீஸ் ஏலத்துல 6,09,600 டாலருக்கு போச்சு. ஆயிரத்துக்கு மேல நகல் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சேதான் குடுத்தாங்க.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, நெறைய பேரு எண்ணிக்கை கம்மியா இருந்தாதான் விலைன்னு நெனைக்கிறாங்க. அது பாதிதான் உண்மை.

காசிமேட்டு ஏலத்த நீயே தெனம் பாக்குற. வஞ்சிரம் கம்மியா வந்த நாள்ல விலை ஏறும், சரி. ஆனா பேரே தெரியாத ஏதோ மீனு ஒண்ணே ஒண்ணு வலைல வந்து விழுந்தா அதுக்கு என்ன விலை? யாருக்கும் வேணாம்னா கூடைல ஓரமாத்தான் கெடக்கும். கம்மியா இருக்குறதும் வேணும், வேணும்னு கேக்க ஆளும் வேணும், ரெண்டும் சேந்தாதான் ஏலம். ஆடம்ஸ் படத்துக்கு சரக்கு நெறைய இருந்துச்சு, கேக்குற ஆளு அதவிட நெறைய.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஜெர்மனில ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கின்னு ஒரு போட்டோகிராபர், 1999ல ரைன் ஆத்த எடுத்தாரு, பச்ச கரை, சாம்பல் தண்ணி, மறுபடி பச்ச, மேல மேகம், அவ்ளோதான் படம். நாய கூட்டிட்டு போனவங்களையும் கரைல இருந்த கட்டடத்தையும் கம்ப்யூட்டர்ல எடுத்துட்டாரு. பிரேமோட மூணு மீட்டருக்கு மேல அகலம். ஆறே ஆறு பிரிண்ட்தான் போட்டாரு, அதுல நியூயார்க் மோமாவுல ஒண்ணு, லண்டன் டேட்ல ஒண்ணுன்னு பாதிக்கு மேல மியூசியத்துக்குள்ள போயிருச்சு, இனி வெளிய வராது. வெளிய இருந்த ஒண்ணு 2011ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 43 லட்சம் டாலர தாண்டுச்சு, அன்னிக்கு கணக்குல 21, 22 கோடி ரூபா. இங்க எண்ணிக்கைதான் பெரிய காரணம், இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த படம் நேர்ல நின்னு பாக்க வேண்டியது, போன்ல பாத்துட்டு இதுல என்ன இருக்குன்னு கேக்குறவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவ்ளோ பெருசா செவுத்துல இருக்கும்போது அது வேற.

மூணாவது காரணம் காலம். மான் ரேன்னு ஒரு போட்டோகிராபர் 1924ல எடுத்த ஒரு படம், ஒரு பொண்ணோட முதுகுல வயலின்ல இருக்குற மாதிரி ரெண்டு ஓட்ட. அந்த ஓட்ட அவரா அப்புறம் படத்துல சேத்தது. அவரு கை பட்ட அந்த மொத பிரிண்ட் 2022 மே மாசம் 1 கோடியே 24 லட்சம் டாலருக்கு போச்சு, நம்ம காசுல 96 கோடி பக்கம். அதே படத்தோட போஸ்டர் சில நூறு ரூபாய்க்கு கெடைக்கும். ரெண்டுலயும் அதே முதுகு, அதே ஓட்ட. படம் எடுத்த காலத்துலயே, எடுத்தவரு கையாலயோ அவரு கண்ணு முன்னாடியோ போட்ட பிரிண்ட விண்டேஜ்னு சொல்லுவாங்க, முப்பது வருசம் கழிச்சு அதே நெகட்டிவ்லேந்து போட்டா அதுக்கு விலை வேற. படம் எடுத்தப்போ அவரு மனசுல என்ன இருந்துச்சோ அதுக்கு ரொம்ப கிட்டக்க இருக்குற பேப்பர் அது, அதனாலதான்.

உங்கப்பாவுக்கு சொல்றதுக்கு ஒரு நல்ல உதாரணம் தரேன். 1936ல கலிபோர்னியாவுல பட்டாணி பறிக்கிற வேலைக்கு வந்த குடும்பத்து அம்மா ஒருத்தங்கள டோரதியா லாங்க் எடுத்த படம், குழந்தைங்க ரெண்டு பக்கமும் மூஞ்ச மறைச்சுக்கிட்டு இருக்கும், அந்த அம்மா கன்னத்துல கை வெச்சு தூரமா பாப்பாங்க. லாங்க் அப்போ அமெரிக்க அரசாங்கத்துக்கு வேல பாத்ததால படம் பொதுச்சொத்து, நெகட்டிவ் வாஷிங்டன் காங்கிரஸ் லைப்ரரில இருக்கு, இன்னிக்கு நீ நெட்ல போயி காசு இல்லாம பெரிய பைலா எறக்கிக்கலாம், பிரிண்ட் போட்டு மாட்டிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. உங்கப்பா கணக்குப்படி அதோட விலை சைபர். ஆனா லாங்க் கைப்பட குறிப்பு எழுதி கையெழுத்து போட்ட ஒரு பிரிண்ட் 1998ல 2,44,500 டாலருக்கு போச்சு. ஓசில கெடைக்கிறது படம். காசு குடுத்தது அந்த ஒரு காகிதத்துக்கு.

அந்த படத்துல இருந்த அம்மா பேரு ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அவங்க யாருன்னு வெளிய தெரிய வந்ததே 1978லதான். அந்த படத்தால தனக்கு ஒரு பைசா வரலன்னு அவங்களே வேதனையா சொன்னாங்க. 1983ல பக்கவாதம் வந்து பிள்ளைங்க வைத்திய செலவுக்கு வழியில்லாம ஜனங்ககிட்ட கேட்டப்போ 35,000 டாலர் போல சேந்துச்சு, குடுத்தவங்கள்ல நெறைய பேரு அந்த படத்த பாத்தவங்க. இத நீ மறக்கக்கூடாது, உன் ஐஸ் பெட்டி அம்மா விஷயத்துக்கு கடைசில மறுபடி வருவேன்.

இப்போ எனக்கு நடந்தது ஒண்ணு. 94ன்னு நெனைக்கிறேன். காசிமேட்டு பக்கம் இருந்து ஒரு அக்கா வந்தாங்க, கடலுக்கு போன வீட்டுக்காரரு திரும்பல. அவரு தனியா எடுத்த படம் ஒண்ணு கூட இல்ல, சொந்தக்காரங்க கல்யாண குரூப் போட்டோல மூணாவது வரிசைல நிக்கிறாரு, மூஞ்சி கட்டவிரல் நகத்தவிட சின்னது. அந்த குரூப் படத்த மறுபடி போட்டோ எடுத்து புது நெகட்டிவ் செஞ்சு 12க்கு 15 இன்ச் சைசுக்கு பெருசு பண்ணி, பக்கத்துல நிக்கிறவங்க தோள பிரஷ்ஷால மறைச்சு, கண்ணு கலங்கலா இருந்தத மெல்லிசா தொட்டு விட்டு ராத்திரி முழுக்க உக்காந்து குடுத்தோம். பதினாறாம் நாளுக்கு மாலை போடணும்னு வாங்கிட்டு போனாங்க. பத்து வருசம் கழிச்சு சுனாமி, கடல் தண்ணி அவங்க வீட்டுக்குள்ள வந்துருச்சு, அதே பிரேம தூக்கிட்டு வந்தாங்க. பேப்பர் கறை கட்டிருச்சு, நெத்தில பத்து வருச குங்குமம் ஊறி செவப்பு எறங்கியிருந்துச்சு. நான் சொன்னேன், அக்கா நெகட்டிவ் எங்ககிட்ட பத்திரமா இருக்கு, இதவிட நல்லா புதுசு போட்டு தரேன், காசு வேணாம்னு. அவங்க வேணாம்னுட்டாங்க. "பத்து வருசமா நான் வெளக்கு ஏத்தினது இவருக்குத்தான் தம்பி, புதுசா வர்றவரு யாரு"ன்னு கேட்டாங்க. கறைய மட்டும் தொடச்சு அதே படத்த மறுபடி பிரேம் போட்டு குடுத்தேன்.

நான் படிச்சவன் இல்ல, கலை விமர்சனம் எல்லாம் எனக்கு வராது. ஆனா ஒரு பிரிண்ட்டும் அதே நெகட்டிவோட இன்னொரு பிரிண்ட்டும் ஒண்ணு இல்லங்கறத அந்த அக்காதான் எனக்கு புரிய வெச்சாங்க.

அதுக்கு அப்புறம் கொஞ்ச வருசத்துல ஸ்டூடியோ ஓனர் காலமாயிட்டாரு, பசங்க எடத்த காலி பண்ணும்போது நாலு பீரோ நெகட்டிவ் எடைக்கு போயிருச்சு. கருப்பு வெள்ளை பிலிம்ல வெள்ளி இருக்குல்ல, அத பிரிச்சு எடுக்குறவங்க வாங்கிட்டு போயிட்டாங்க. வடசென்னைல முப்பது நாப்பது வருசமா நடந்த கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அதுல இருந்துச்சு. எனக்கு ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா கடன் வாங்கியாவது வாங்கியிருப்பேன், இன்னிக்கும் அது ஆறல. இப்போ அந்த அக்கா வீட்டுக்காரர் மூஞ்சி பெருசா இருக்குறது இந்த உலகத்துல அந்த ஒரு காகிதத்துலதான். ஆயிரம் போடலாம்னு நெனச்சது ஒண்ணே ஒண்ணா ஆயிருச்சு. அதுக்கு ஏலத்துல என்ன வரும்? ஒண்ணும் வராது. அதனாலதான் சொல்றேன், அந்த படம் ஒருத்தருக்கு என்னவா இருக்குங்கறது வேற, படமா அது எவ்ளோ நல்லா இருக்குங்கறது வேற, சந்தைல என்ன காசு வருதுங்கறது வேற. சில சமயம் மூணும் ஒண்ணா வரும், பெரும்பாலும் வராது. உங்கப்பா மூணையும் ஒண்ணா போட்டு கேக்குறாரு, நீயும் அப்படியே பதில் தேடுற, அதான் தலை சுத்துது.

சரி, எடிஷன். இத்தனை பிரிண்ட்தான் போடுவேன்னு சொல்லி ஒவ்வொண்ணுலயும் 1/10, 2/10னு நம்பர் போடுறது. இது செயற்கையான தட்டுப்பாடுதானேன்னு கேட்டா, ஆமா. சுவாமிமலைல பஞ்சலோக சிலை வார்க்குறப்போ மெழுகு உருகி ஓடிரும், மண் அச்ச உடைச்சாதான் சிலை வெளிய வரும், அங்க ஒண்ணே ஒண்ணுங்கறது வேலையோட தன்மை. போட்டோல அச்சு உடையாது, நீயாத்தான் கைய கட்டிக்கணும். பிரெட் வெஸ்டன்னு ஒருத்தர் 1991ல அவரோட 80வது பொறந்த நாள் அன்னிக்கு நெகட்டிவங்கள நெருப்புல போட்டாரு, எனக்கு அப்புறம் என் படத்த வேற யாரும் பிரிண்ட் போடக்கூடாதுன்னு. அவங்க அப்பா எட்வர்ட் வெஸ்டன் நேர் எதிர், பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கினதும் பசங்களையே பிரிண்ட் போட வெச்சாரு, அவரு செத்த பிறகும் இன்னொரு மகன் கோல் போட்டாரு. அப்பா கையால போட்ட பிரிண்ட்டுக்கு ஒரு விலை, மகன் போட்டதுக்கு அதவிட ரொம்ப கம்மி. அதே நெகட்டிவ்தான். பிரான்ஸ்ல ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன்னு ஒரு பெரிய போட்டோகிராபர், அவரு டார்க்ரூம் பக்கமே போக மாட்டாரு, பாரிஸ்ல ஒரு லேப்ல கைதேர்ந்த பிரிண்டருங்க போட்டு குடுத்தாங்க, அவரு பாத்து கையெழுத்து போட்டா அது அவரு பிரிண்ட். எங்க மாதிரி ஆளுங்களுக்கு அதுல ஒரு பெருமை உண்டு, பேரு வராட்டியும்.

ஆக எடிஷன்ங்கறது ஒரு வாக்கு. வாங்குறவரு காசு குடுக்குறது பேப்பருக்கு பாதி, உன் வார்த்தைக்கு பாதி. வாக்கு தவறினா என்ன ஆகும்னு பாரு. வில்லியம் எகிள்ஸ்டன், கலர் போட்டோவ கலைன்னு ஒத்துக்க வெச்சவங்கள்ல ஒருத்தர். டை டிரான்ஸ்பர்னு, சாயத்த ஒண்ணொண்ணா பேப்பருக்கு மாத்துற பழைய முறைல சின்ன சைஸ்ல லிமிடெட் எடிஷன் போட்டு வித்த படங்கள சிலத 2012ல பெருசா டிஜிட்டல் பிரிண்டா போட்டு, மொத்தம் 36 பிரிண்ட் கிறிஸ்டீஸ்ல ஏலம் விட்டாங்க, 59 லட்சம் டாலர் வந்துச்சு. பழச வாங்கி வெச்சிருந்த ஒரு சேகரிப்பாளர் என் பிரிண்ட்டோட மதிப்ப கெடுத்துட்டாருன்னு கேஸ் போட்டாரு. 2013ல கோர்ட்டு கேஸ தள்ளிருச்சு, வேற சைஸ், வேற முறை, அதனால அது புது எடிஷன்தான்னு. சட்டப்படி எகிள்ஸ்டன் பக்கம் சரி. ஆனா எனக்கு அந்த சேகரிப்பாளர் கேட்டதுல நியாயம் இருக்குற மாதிரிதான் படுது. பிரான்ஸ்ல வரி சட்டம் இதுல தெளிவா இருக்கு, கையெழுத்து போட்டு நம்பர் போட்டு எல்லா சைஸும் சேத்து 30க்குள்ள இருந்தாதான் போட்டோவ கலைப்பொருள்னு கணக்குல எடுத்துக்கும். எல்லா சைஸும் சேத்துங்கறத நல்லா கவனி. "பெரிய சைஸ்ல 5, நடுத்தரத்துல 10, சின்னதுல 25"னு சில பேரு பிரிச்சு விக்கிறாங்க, வாங்குறவருக்கு மொத்தம் 40ங்கறது தெரியாது. நீ அப்படி பண்ணாத.

உனக்கு நான் சொல்றது இது. எல்லா சைஸும் சேத்து 10, அதுக்கு வெளிய நீ உனக்குன்னு வெச்சுக்குற ஆர்ட்டிஸ்ட் புரூஃப் 2, அவ்ளோதான். முப்பது நாப்பதுன்னு வெச்சா இப்போ உனக்கு விக்காது, மூணு நாலுன்னு வெச்சா பின்னாடி உனக்கே வருத்தமா இருக்கும். ஒரு நோட்டு போடு, எந்த நம்பர், என்ன தேதி, என்ன சைஸ், என்ன பேப்பர், என்ன இங்க், யாருக்கு போச்சு, எல்லாம் எழுது. கம்ப்யூட்டர்ல வேணாம்னு சொல்லல, நோட்டுலயும் எழுது. பிரிண்ட் பின்னாடி ஓரத்துல பென்சில்ல கையெழுத்து, பேனா வேணாம், மை ஊறும்.

விலைக்கு கணக்கு, பேப்பர், இங்க், ரெண்டு மூணு டெஸ்ட் பிரிண்ட் எல்லாம் சேத்து 16க்கு 20 இன்ச் பிரிண்ட்டுக்கு உனக்கு 2,500 ரூபா ஆகுதுன்னு வெச்சுக்க. அந்த படத்துக்காக எத்தன விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து போன, எத்தன நாள் வெறுங்கையோட திரும்பின, அதுவும் செலவுதான். மொத அஞ்ச 15,000த்துக்கே குடு, அதுக்கு மேல போகப்போக ஏத்து, ஏத்தினத எறக்காத. எறக்கினா மொதல்ல நம்பி வாங்கினவருக்கு நீ துரோகம் பண்ற மாதிரி. எல்லாரும் வாங்குற மாதிரியும் ஒண்ணு இருக்கணும்னு ஆசையிருந்தா போஸ்ட்கார்டு போடு, புத்தகம் போடு, நம்பர் போடாத, கையெழுத்தும் வேணாம், நூறு ரூபாய்க்கு குடு. ரவி வர்மா 1894ல பம்பாய் பக்கம் பிரஸ் போட்டு சாமி படத்த அச்சடிச்சதாலதான் ஆயிலு பெயிண்டிங் வாங்க முடியாத வீட்டுலயும் லட்சுமி வந்தாங்க. அந்த அச்சு படத்தையே இப்போ தேடி தேடி சேக்குறாங்க.

பேப்பர் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாத. 100 சதவீதம் பருத்தி, கனம் 300 ஜிஎஸ்எம் பக்கம், பிக்மென்ட் இங்க். சாதா கலர் லேப் பிரிண்ட்ல இருக்குறது சாயம், எழுபது எண்பதுகள்ல எடுத்த கல்யாண ஆல்பம் எல்லாம் செவந்து போயிருக்கே, அது நீல சாயம் மொதல்ல செத்துப்போனதால. பேப்பர் பளீர்னு வெள்ளையா இருக்கணும்னு பிரைட்னர் கலந்தது வரும், அது வேணாம், பிரைட்னர் சத்து போனதும் பேப்பர் மஞ்சளாயிரும். கண்டுபிடிக்க வழி சுலபம், கடைல கள்ள நோட்டு பாக்குற நீல லைட்டு இருக்குல்ல, அதுக்கு கீழ காட்டினா பிரைட்னர் இருக்குற பேப்பர் ஒளிரும். லூயிஸ் ஹைன்னு ஒரு பெரிய போட்டோகிராபர் 1940ல செத்துட்டாரு, அவரே போட்டதுன்னு நம்பி வாங்கின பல பிரிண்ட்டுங்க 1990கள்ல மாட்டினது இந்த சோதனைலதான், ஏன்னா பேப்பர்ல பிரைட்னர் கலக்க ஆரம்பிச்சதே 1950கள்ல.

அப்புறம் நம்ம ஊரு உப்புக்காத்து. வாங்குறவருக்கு கண்டிப்பா சொல்லு, கடல் பக்கத்து செவுரு, மழைக்கு ஓதம் ஏறுற செவுரு, இதுல நேரா மாட்டக்கூடாது. பிரேம் கடைல ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு கேட்டு வாங்கணும், கண்ணாடியும் பிரிண்ட்டும் ஒட்டக்கூடாது, நடுவுல இடைவெளி வேணும், பின்னாடி பிரவுன் டேப் ஒட்டவே கூடாது. ஒரு கடைல ஒருத்தர் நல்ல பிரிண்ட்ட ஹார்டுபோர்டு மேல பெவிகால் தடவி ஒட்டி குடுத்துட்டாங்க, ரெண்டே மழைல பூஞ்சை, எங்கிட்ட கொண்டாந்தப்போ ஒண்ணும் பண்ண முடியல.

சட்டம் ஒரு வரி தெரிஞ்சுக்க. நீ உனக்காக எடுத்த படத்துக்கு காப்பிரைட் உன்னோடது, பிரிண்ட் வித்தாலும் காப்பிரைட் விக்கல, இத ரசீதுலயே எழுதிரு. யாராவது காசு குடுத்து எடுக்க சொன்ன படம்னா வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அது அவங்களோடது. இன்னொண்ணு, நம்ம காப்பிரைட் சட்டத்துல 53ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, பெயிண்டிங், சிலை, டிராயிங்கோட ஒரிஜினல் மறுபடி 10,000 ரூபாய்க்கு மேல வித்தா வரைஞ்சவருக்கும் ஒரு பங்கு கெடைக்கும்னு. அந்த பட்டியல்ல போட்டோ இல்ல. 15,000க்கு வாங்கினவரு நாளைக்கு 15 லட்சத்துக்கு வித்தாலும் உனக்கு ஒண்ணும் வராது. எனக்கு அது அநியாயமா படுது, நகல் எடுக்க முடியுற ஒரே காரணத்துக்காக போட்டோகிராபர வெளிய நிறுத்தின மாதிரி. வேணும்னா விக்கும்போதே எழுத்துல ஒரு பங்கு கேட்டு வாங்கிக்க.

இப்போ அந்த அம்மா. அவங்களுக்கு தெரியுமா அவங்க படம் 15,000க்கு போகுதுன்னு? தெரியலன்னா உங்கப்பா கேட்ட ஏமாத்துங்கற வார்த்தை எனக்கு உறுத்துறது அங்கதான், வாங்குறவர்கிட்ட இல்ல. அந்த ஃபுளோரன்ஸ் அம்மா கத இங்க மறுபடி நடக்க வேணாம். போயி சொல்லு, பிரிண்ட் குடு, விக்குற ஒவ்வொண்ணுலயும் அவங்களுக்கு இவ்ளோன்னு முன்னாடியே பேசிக்க. அவங்க வேணாம் என் படத்த விக்காதன்னு சொன்னா விக்காத, வேற படம் எடுத்துக்கலாம்.

ஞாயித்துக்கிழமை காலைல படத்தோட பைல பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு வா. நீ அனுப்பின சின்ன படத்துல ஐஸ் பெட்டி பக்கத்து நிழல் ரொம்ப கருத்து போயி அவங்க காலே தெரியல, தண்ணில நனைஞ்ச கால் அது, தெரியணும். அத கொஞ்சம் தெறந்துட்டு ஒரு டெஸ்ட் பிரிண்ட் போட்டு பாப்போம். மொத பிரிண்ட் அந்த அம்மாவுக்கு, அதுல நம்பர் போட வேணாம்.